படக் கேள்விகள் பிறவி அறிவா, பழக்கமா? நவோதயா ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு: விவாத இழை

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 28

என் மகன் காரைக்கால் மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். ஜனவரி 18 அன்று ஒன்றிய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவுக்குத் தேர்வு. கணக்கில் கெட்டிக்காரன், தமிழும் பரவாயில்லை. மனத்திறன் பகுதியில் மட்டும் நாற்பதுக்குப் பதினேழு, பதினெட்டைத் தாண்டுவதில்லை. தினமும் ஒரு முழு மாதிரித் தாள் எழுத வைக்கிறேன். படக் கேள்விகளுக்கான மூளை பிறவியிலேயே இருக்க வேண்டும், பழக்கி வராது என்று டியூஷன் ஆசிரியர் சொல்லிவிட்டார். உண்மைதானா?

2024 செப்டம்பர் 29

அவர் சொன்னதில் பாதிகூட உண்மையில்லை. சொற்களே இல்லாத படக் கேள்விகளால் ஒருவரின் இயல்பான அறிவை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை, 1930களில் இங்கிலாந்தில் உளவியலாளர் ஜான் ரேவன் உருவாக்கிய, கட்டங்களில் விடுபட்ட படத்தைக் கண்டறியும் சோதனைகளின் காலத்திலிருந்தே வேரூன்றிப்போனது. ஆனால் 1980களில் ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் பல நாடுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்தபோது, தலைமுறைக்குத் தலைமுறை மிக அதிகமாக உயர்ந்திருந்தவை அந்தப் படச் சோதனை மதிப்பெண்களே என்று தெரியவந்தது. ஒரு தலைமுறைக்குள் பிறவிக் குணம் மாறிவிடாது. சூழலும் பள்ளியும் பழக்கமும் மாறியிருக்கின்றன. எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் பழகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பழக்கி வராது என்பதைத்தான் மறுக்கிறேன்.

என்னைக் கேட்டால், தடையாக இருப்பது தினம் ஒரு முழுத் தாள் என்ற உங்கள் ஏற்பாடுதான். நவோதயாத் தேர்வில் மனத்திறனுக்கு 40 வினாக்கள், 50 மதிப்பெண், 60 நிமிடம். கணிதம் 20 வினா, மொழி 20 வினா, இரண்டுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்த மதிப்பெண்ணில் பாதி படங்களில்தான் இருக்கிறது. அந்த நாற்பதும் பத்து வகைகளாக, வகைக்கு நான்கு வினா என்று வருகின்றன: பொருந்தாததைக் கண்டறிதல், ஒத்த உருவம், வடிவமைப்பை நிறைவு செய்தல், உருவத் தொடர், ஒப்புமை, வடிவியல் உருவத்தை முழுமையாக்குதல், கண்ணாடிப் பிம்பம், தாளை மடித்துத் துளையிடுதல், துண்டுகளைச் சேர்த்து உருவம் காணுதல், மறைந்துள்ள உருவம். இவை பத்துத் தனித்தனித் திறமைகள். பதினெட்டு என்ற ஒற்றை எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. அவன் எழுதி முடித்த தாள்களை எடுத்து, பத்துக் கட்டம் போட்டு, எந்த வகையில் எத்தனை போகிறது என்று எழுதுங்கள். அதுவரை புதிய தாள் கொடுக்காதீர்கள்.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். என் மகள் இதே தேர்வை எழுதியவள். அதன் பிறகு தெருப் பிள்ளைகள் சிலரோடு மாலையில் உட்காருகிறேன். ஆசிரியர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

2024 செப்டம்பர் 30

வல்லாரை லேகியம் கொடுத்தால் மனத்திறன் கூடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுங்கள், தடையில்லை. கண்ணாடிப் பிம்பக் கேள்வியில் இடதும் வலதும் மாறுவதை லேகியம் சொல்லித் தராது.

மயிலாடுதுறையில் படிக்கும் குழந்தை இந்தத் தேர்வை எழுதலாமா என்று அங்கிருந்து கேட்டவருக்கு: தமிழ்நாட்டில் நவோதயாப் பள்ளி கிடையாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு இடங்களிலும் உண்டு. ஆனால் குழந்தை அந்தந்த மாவட்டத்திலேயே வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்புப் படிக்க வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்தால் போதாதா என்ற யோசனையை இங்கே விவாதிக்க எனக்கு விருப்பமில்லை.

2024 அக்டோபர் 5

கட்டம் போட்டு அனுப்பியதற்கு நன்றி. பாருங்கள், ஒத்த உருவம், ஒப்புமை, வடிவமைப்பு நிறைவு ஆகிய மூன்றிலும் அவன் அநேகமாக முழுமையாகவே எடுக்கிறான். அதிகம் போவது கண்ணாடி, மடிப்பு, தொடர், மறைந்துள்ள உருவம் ஆகிய நான்கில். தினம் எழுதிய முழுத் தாளில் கணிசமான நேரம் ஏற்கெனவே தெரிந்ததற்குப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியில் தொடங்குவோம். வினாவில் உருவத்துக்கு வலப்புறம் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும், அதுதான் கண்ணாடி. நான்கு விடைகளில் ஒன்று சரியான பிம்பம். மற்றவற்றில் பெரும்பாலும் ஒன்று தலைகீழாக்கிய உருவம், ஒன்று அரைச் சுற்றுத் திருப்பிய உருவம், ஒன்று மாற்றமே இல்லாத மூல உருவம். குழந்தை நான்கையும் மொத்தமாகப் பார்த்து எது அழகாகத் தோன்றுகிறதோ அதைத் தேர்கிறது. அதற்குப் பதிலாக இரண்டே கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். முதல் கேள்வி: மேலே இருந்தது மேலேயே இருக்கிறதா? செங்குத்துக் கண்ணாடி மேல் கீழை மாற்றாது. எனவே தலைகீழும் அரைச் சுற்றும் இங்கேயே விழுந்துவிடும். இரண்டாம் கேள்வி: கண்ணாடியை ஒட்டியிருந்த பாகம் பிம்பத்திலும் கோட்டை ஒட்டியே இருக்கிறதா? அம்பு கோட்டை நோக்கிப் பாய்ந்தால் பிம்பத்திலும் அது கோட்டை நோக்கியே பாயும். மூல உருவம் இங்கே விழும். எஞ்சியதுதான் விடை.

மூன்று அல்லது அதற்கு மேல் சின்னக் குறிகள் உள்ள உருவமாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு குறியிலிருந்து கடிகாரச் சுற்றில் மற்றவற்றைப் பெயர் சொல்லிக்கொண்டே போக வேண்டும். புள்ளி, கோடு, வட்டம் என்று மூலத்தில் வந்தால் பிம்பத்தில் புள்ளி, வட்டம், கோடு என்று வரும். வரிசை மாறவில்லை என்றால் அது வெறும் சுழற்சி, பிம்பமன்று. வரைபட மேசையில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று சரிபார்க்க இன்றைக்கும் நான் இதைத்தான் செய்கிறேன்.

2024 அக்டோபர் 6

மடிப்பு. இதற்கு நூல் வேண்டாம். பழைய நோட்டிலிருந்து சதுரமாக வெட்டிய தாள்களும் ஒரு பஞ்சிங் மெஷினும் போதும்.

தாளின் வலப் பாதியை இடப் பாதியின் மேல் மடியுங்கள். பிறகு மேல் பாதியைக் கீழே மடியுங்கள். கையில் இருப்பது கீழ் இட மூலைக் கால் பகுதி, நான்கு அடுக்கு. பஞ்சிங் மெஷின் ஓரத்தில்தானே ஓட்டை போடும், அது இங்கே வசதியாகவே இருக்கிறது. மடிப்புகள் இரண்டும் சந்திக்கும் மேல் வல மூலை அருகே ஓட்டை போட்டால், விரித்ததும் நான்கு ஓட்டைகள் தாளின் நடுவில் கூடி நிற்கும். மடிப்பே இல்லாத கீழ் இட மூலையில் போட்டால் நான்கும் தாளின் நான்கு மூலைகளுக்குப் போய்விடும். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஓட்டைகளின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்: எந்த ஓரம் மடிப்பு, எந்த ஓரம் விளிம்பு என்பதை வைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே விரிப்பதற்கு முன், மடித்த தாளின் மடிப்பு ஓரங்கள் மேல் விரலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு வேறொரு தாளில் ஓட்டைகளை வரையச் சொல்லுங்கள். அதற்கும் பிறகுதான் விரித்துப் பார்க்க வேண்டும். முதலிலேயே விரித்துவிட்டால் அது வேடிக்கையாக முடியும், பயிற்சியாகாது.

சரியாக மடிப்பின் மேலேயே அரை வட்டமாக வெட்டுப்பட்டால், விரிக்கும்போது அங்கே ஒரே முழு ஓட்டைதான் இருக்கும். ஒரு மூலையை மட்டும் நடுவை நோக்கி மடித்திருந்தால், இரண்டு அடுக்கு அந்த முக்கோணத்தில் மட்டுமே. வெளியே போட்ட ஓட்டை ஒற்றையாகவே நிற்கும். ஒரு முறை பாதியாக, மறு முறை குறுக்காக மடித்த தாள் என்றால் கடைசி மடிப்பை முதலில் விரிக்க வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டால் ஓட்டை எங்கோ போய் நிற்கும்.

2024 அக்டோபர் 12

தேர்வறையில் தாளையும் பஞ்சிங் மெஷினையும் வைத்துக்கொள்ள விடுவார்களா, இப்படிப் பழக்கினால் குழந்தை அதையே நம்பிவிடாதா என்று ஒரு தாயார் கேட்கிறார். நியாயமான கேள்வி. பொருளை முதலில் கையில் கொடுத்து, பிறகு மேசையில் வைத்து, பிறகு எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பெற்றோர் தள்ளிப் போட்டுக்கொண்டே போவதுதான் ஆபத்து.

மனத்திலேயே திருப்பிப் பார்ப்பதற்கு உண்மையிலேயே நேரம் பிடிக்கிறது. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், இரண்டு உருவங்களுக்கு இடையிலான கோணம் கூடக் கூட, இரண்டும் ஒன்றுதானா என்று சொல்ல ஆகும் நேரமும் அதே சீராகக் கூடியது. கையால் திருப்புவதைப் போலவே மனமும் படிப்படியாகத் திருப்புகிறது. ஆகவே குழந்தை யோசிக்கும்போது ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பக்கத்தில் நின்று சொல்வதால் அந்தத் திருப்பம் வேகமாகாது, பாதியில் கலைந்துபோகும். நான்கைந்து விநாடி வாயை மூடிக்கொண்டிருப்பது பெற்றோருக்கான பயிற்சி. எனக்கும் அது எளிதாக வரவில்லை.

2024 அக்டோபர் 20

தொடர் வினாவுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மொழியில்லாத கேள்விக்கு மொழி எதற்கு என்று கேட்கலாம். குழந்தை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

ஒரு சதுரம். அதன் மேல் இட மூலையில் கரும்புள்ளி, நடுவில் மேல்நோக்கிய அம்பு. அடுத்த சதுரத்தில் புள்ளி மேல் வலத்தில், அம்பு மேல் இடப்புறம் சாய்ந்திருக்கிறது. மூன்றாவதில் புள்ளி கீழ் வலத்தில், அம்பு நேர் இடப்புறம். பிள்ளைகள் இந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சுற்றுகிறது’ என்பார்கள். புள்ளியை மட்டும் சொல் என்று நிறுத்துங்கள். புள்ளி கடிகாரச் சுற்றில் மூலைக்கு மூலை போகிறது, அடுத்தது கீழ் இடம். விடைகளில் புள்ளி அங்கே இல்லாதவற்றை அடித்துவிடட்டும். இப்போது அம்பை மட்டும் சொல். அது எதிர்ச் சுற்றில் அரைச் செங்கோணம் திரும்புகிறது, அடுத்தது கீழ் இடப்புறம். மிஞ்சுவது ஒன்றே. எத்தனை, எங்கே, எந்தத் திசை, கருப்பா வெள்ளையா, பெரிதா சிறிதா என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பார்க்கும் ஒழுங்கு வந்துவிட்டால், தொடர், ஒப்புமை, பொருந்தாதது ஆகிய மூன்று வகைகளுக்கும் அதே ஒழுங்கு போதும்.

பொருந்தாதது பற்றி ஒரு குறை. கடையில் கிடைக்கும் வழிகாட்டி நூல்களில் விடைப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு நூலில் நான்கு கொக்கி வடிவங்கள். எங்கள் தெருச் சிறுமி மூன்றாவது என்றாள், நூல் முதலாவது என்றது. அவள் அம்மா அடித்துத் திருத்தச் சொன்னார். அவளோ முதல் கொக்கியை மெல்லிய தாளில் நகலெடுத்து வெட்டி, மேசை மேல் வைத்துச் சுழற்றி, இரண்டாவதோடும் நான்காவதோடும் அது அப்படியே பொருந்துவதையும், மூன்றாவதோடு தாளைக் கவிழ்த்தால்தான் பொருந்துவதையும் காட்டினாள். மூன்றாவது கண்ணாடிப் பிம்பம், எனவே அதுதான் பொருந்தாதது. விடைப் பட்டியலைவிடப் பெரிய அதிகாரம் கத்தரிக்கோலுக்கு உண்டு என்று அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மாதான் இன்னும் நூலின் பக்கம்.

2024 நவம்பர் 3

தீபாவளிக்குப் பிறகு இழை கோலத்துக்குப் போய்விட்டது. புள்ளிக் கோலம் போடும் பெண் குழந்தைகளுக்கு இந்தத் தேர்வு தானாகவே வந்துவிடும் என்கிறார்கள் இருவர். பாதி ஒப்புக்கொள்கிறேன். கோலத்தின் கால் பங்கைப் போட்டுவிட்டு மீதி முக்கால் பங்கை முடிக்கச் சொன்னால், அது வடிவமைப்பு நிறைவு வினாவேதான். கோடுகள் எல்லையை எங்கே தொடுகின்றனவோ அங்கிருந்தே அடுத்த கட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதை அது நன்றாகவே கற்பிக்கும். ஆனால் கோலம் சமச்சீரானது. புரட்டினாலும் திருப்பினாலும் பெரும்பாலும் அதே கோலமாக நிற்கும். கண்ணாடி வினா சமச்சீர் இல்லாத உருவத்தில்தான் இருக்கிறது. அங்கே கோலம் உதவாது. போகட்டும், பையன்களையும் கோலம் போட வைக்கலாம் என்ற யோசனைக்கு இழையில் ஒருவரும் மறுமொழி எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

2024 நவம்பர் 10

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர், ராணுவப் பணிக்குத் தயார் செய்யும் அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு இதே பயிற்சி போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது. அது வேறு கணக்கு. சைனிக் ஆறாம் வகுப்புத் தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண். அதில் கணிதம் மட்டும் 150. நுண்ணறிவுப் பகுதிக்கு 25 வினா, 50 மதிப்பெண். நவோதயாவில் பாதி, இங்கே ஆறில் ஒரு பங்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாலை நேரத்தின் பெரும்பகுதியைக் கணிதத்துக்கே கொடுப்பேன்.

வினாக்களும் கலவையாக வரும். எண் தொடர், குறியீட்டு மொழி, உறவுமுறை ஆகியவற்றோடு பகடையும் கனச்சதுரமும் வரும். பகடையில் எதிர் முகங்களின் கூட்டுத்தொகை ஏழு என்பது கடையில் வாங்கும் பகடைக்குச் சரி. தேர்வுத் தாளின் பகடை அந்த விதிக்குக் கட்டுப்பட்டதன்று. வினாவில் காட்டிய இரண்டு நிலைகளிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். வெளிப்புறம் முழுக்க வண்ணம் பூசிய கனச்சதுரத்தை 27 சிறு கனங்களாக வெட்டினால், மூன்று முகம் வண்ணமுள்ளவை 8, இரண்டு முகம் 12, ஒரு முகம் 6, வண்ணமே இல்லாதது 1. இதை மனப்பாடம் செய்வித்தால் 64 ஆக வெட்டிய வினாவில் குழந்தை நின்றுவிடும். மூலை, விளிம்பு, முகம், உள் என்று நான்கு இடங்களைக் காட்டினால் எந்த எண்ணுக்கும் வரும். அம்மா அல்வா வெட்டும்போது காட்டலாம், மேற்பரப்பில் கேசரிப் பவுடர் தூவிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு 11 மணி 60 நிமிடத்திலிருந்து (அதாவது 12 மணியிலிருந்து) கழிக்கும் சுருக்கு வழி சரிதானா என்று கேட்டவருக்கு: சரியானதுதான். 3.20 கண்ணாடியில் 8.40 ஆகத் தெரியும்.

2024 டிசம்பர் 8

நேரம் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் கடைசி மாதத்தில் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். 60 நிமிடத்தில் 40 வினா என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஒத்த உருவமும் ஒப்புமையும் அவ்வளவு நேரம் கேட்காது. அங்கே மிச்சமாவதை மறைந்துள்ள உருவம் விழுங்கும். அந்த வகையில் முழு உருவத்தையும் நான்கு சிக்கல் படங்களில் தேடினால் நேரம் போய்விடும். தேட வேண்டிய உருவத்தில் விசித்திரமான ஒரு பாகத்தை, மிக நீளமான சாய்கோட்டையோ கூர்மையான ஒரு மூலையையோ, பிடித்துக்கொண்டு அது இல்லாத விடைகளை முதலில் நீக்க வேண்டும். அப்படியும் தெரியவில்லை என்றால் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வடிவியல் உருவத்தை முழுமையாக்கும் வினாவில் வெட்டு விளிம்பை மட்டும் பார்த்தால் போதும்: ஒன்றில் புடைப்பு இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்க வேண்டும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒரு வட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது. ஓ.எம்.ஆர். என்னும் வட்டம் நிரப்பும் விடைத்தாளில் பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்ற வழியில்லை. பென்சிலும் அழிப்பானுமாகப் பழகிய குழந்தைக்கு இது பெரிய மாற்றம். வீட்டிலேயே நகல் எடுத்துப் பேனாவால் பழக்குங்கள். ஒரு வினாவைத் தவறவிட்டு அதன் பிறகு வரிசை முழுவதையும் ஒரு வட்டம் தள்ளி நிரப்பிய பிள்ளை எங்கள் தெருவிலேயே உண்டு. பத்து வினாவுக்கு ஒரு முறை வினா எண்ணையும் வட்ட எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், தேர்வறையில் உதட்டுக்குள்.

2025 ஜனவரி 5

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: மகன் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான், ஆனால் அங்கேயே நிற்கிறான், தினமும் இரண்டு தாள் கொடுக்கலாமா என்கிறார். வேண்டாம். இந்தப் பயிற்சியின் இயல்பே அப்படித்தான். முறை பிடிபட்டதும் மளமளவென்று ஏறும், பிறகு நின்றுவிடும். நாற்பதுக்கு நாற்பது என்ற ஆசையில் எஞ்சிய நாட்களைப் படங்களுக்கே கொடுத்தால், கணிதத்தில் பின்னமும் தசமமும் துருப்பிடிக்கும். மொழிப் பகுதியில் பத்தியைப் படித்து விடை சொல்வதில் கவனக்குறைவால் போகும் மதிப்பெண்ணைக் காப்பது இப்போது எளிது. மனத்திறனுக்கு அவன் தவறிய பழைய வினாக்களை மட்டும் திரும்பப் போடட்டும், அதுவும் அரைமணி நேரத்துக்குள்.

‘ஒரே ஒரு வாய்ப்புதான், மறுமுறை எழுத முடியாது’ என்று அவனிடம் அடிக்கடி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விதி அதுதான். அதைப் பத்து வயதுப் பையனுக்குத் தினமும் நினைவூட்டுவதால் எந்த உருவமும் சரியாகத் திரும்பப் போவதில்லை.

2025 ஜனவரி 19

தேர்வு முடிந்தது. வினாத்தாளை வைத்துக்கொண்டு விடைகளை இங்கே அலசலாமா என்று கேட்டவர்களுக்கு: செய்யுங்கள், ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு.

மூன்றாம் வகுப்பிலிருக்கும் இளைய மகளுக்கு இப்போதே தொடங்கலாமா என்ற கேள்விக்கு விடை, வழிகாட்டி நூலோடு தொடங்க வேண்டாம் என்பதே. அட்டையை வெட்டி ஏழு துண்டுப் புதிர் செய்து கொடுங்கள், தாள் மடித்துக் கப்பல், பறவை செய்யட்டும், வரைபடத்தைத் திருப்பி வைத்து வீட்டுக்கு வழி சொல்லட்டும். நூல் ஐந்தாம் வகுப்பில் போதும். அண்ணனுடைய நூலையே வைத்திருந்து கொடுப்பதாக இருந்தால், அவன் பென்சிலால் இட்ட குறிகளை எல்லாம் இப்போதே அழித்துவிட்டு, கடைசியில் உள்ள விடைப் பக்கங்களைக் கிழித்து அலமாரியில் வையுங்கள். கிழிப்பதற்கு முன், அக்டோபர் 20 அன்று நான் எழுதிய கொக்கி வினா அதே நூலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விடையைத் திருத்திவிடுங்கள்.